பாலிமர் கலவை மென்படலத்தில் படிகம் வளர்ப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

கிளை கிளையாகப் பிரிந்து நிற்கும் ஒரு பாலிமர் படிகத்தின் படத்தை எங்கோ பார்த்து ஆசைப்பட்டுத்தான் பலரும் இந்த வேலைக்குள் வருகிறார்கள். படம் கிடைப்பது சுலபம். மென்படலத்தைச் சூடாக்கிக் குளிரவிட்டால் ஏதோ ஒரு கோலம் வந்தே தீரும். அது ஏன் அப்படி வந்தது, அடுத்த வாரம் அதே கோலத்தைத் திரும்ப வரவழைக்க முடியுமா என்று யாராவது கேட்கும்போதுதான் திணறல் ஆரம்பிக்கிறது. அந்தத் திணறல் வராமல் முதல் சோதனையைச் செய்து முடிப்பதற்கான வழியை இங்கே எழுதுகிறேன். கோட்பாடு தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

எந்தக் கலவையில் தொடங்குவது

என் சிபாரிசு: பாலிஎத்திலீன் ஆக்சைடும் (இனி பி.இ.ஓ.) பாலிமீத்தைல் மெத்தாக்ரிலேட்டும் (இனி பி.எம்.எம்.ஏ.). பி.இ.ஓ. படிகமாகும், அடாக்டிக் (பக்கக் குழுக்கள் ஒழுங்கில்லாமல் அமைந்த) பி.எம்.எம்.ஏ. ஆகாது. உருகிய நிலையில் இரண்டும் நன்றாகக் கலந்துவிடும். பி.இ.ஓ. ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸில் உருகிவிடுவதால் நுண்ணோக்கியில் வைக்கும் சாதாரண சூடாக்கும் தட்டே (ஹாட் ஸ்டேஜ்) போதும். பாலிவினைலிடீன் ஃபுளோரைடும் பி.எம்.எம்.ஏ.யும் சேர்ந்த கலவையும் பிரபலம்தான், ஆனால் அதை உருக்க 170 டிகிரிக்கு மேலே போக வேண்டும், போதாததற்கு ஒன்றுக்கு மேற்பட்ட படிக வகைகள் வந்து குழப்பும். முதல் தடவைக்கு அது வேண்டாம். பாலிலாக்டிக் அமிலத்தின் இடக்கை, வலக்கை வடிவங்களைக் கலந்தால் இரண்டும் சேர்ந்து இன்னொரு படிகமாகவே மாறிவிடும், உருகுநிலையும் 50 டிகிரி போல ஏறும். அது தனிக் கதை.

ஒன்றோடொன்று கலக்காத ஜோடியை எடுக்காதீர்கள். அங்கே படிகமாவதற்கு முன்பே திரவமும் திரவமும் பிரிந்து தனித்தனித் திட்டுகளாகிவிடும், நீங்கள் பார்க்கும் கோலத்தில் பாதி அதனுடைய வேலை. எது எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல அனுபவம் வேண்டும்.

வாங்கும்போது லேபிளில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று மூலக்கூறு எடை. இரண்டுமே ஒரு லட்சத்தை ஒட்டி இருந்தால் வசதி. இன்னொன்று பி.எம்.எம்.ஏ.யின் டாக்டிசிட்டி, அதாவது சங்கிலியில் பக்கக் குழுக்கள் அமைந்த ஒழுங்கு. அடாக்டிக் வகைக்குக் கண்ணாடி நிலைமாற்றம் (குளிரும்போது சங்கிலிகள் நகர முடியாமல் கண்ணாடிபோல உறைவது) 105 டிகிரி வாக்கில் வரும், ஐசோடாக்டிக் (பக்கக் குழுக்கள் ஒரே பக்கம் அமைந்த) வகைக்கு அது 50 டிகிரிக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். பெயர் ஒன்றுதான் என்று ஏதோ ஒரு புட்டியை எடுத்துவிட்டால், பிறகு எண்கள் ஏன் பொருந்தவில்லை என்று மண்டையைக் குடைய வேண்டியிருக்கும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

கரைசல் தயாரிப்பதற்கு முன்பே, எந்த விகிதத்தில் என்ன நடக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். கலவையின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைக்கு ஃபாக்ஸ் சமன்பாடு இருக்கிறது: ஒவ்வொரு பாலிமரின் எடைப் பங்கையும் அதனதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையால் (கெல்வினில்) வகுத்துக் கூட்டினால், கலவையின் வெப்பநிலையுடைய தலைகீழ் மதிப்பு கிடைக்கும். பி.இ.ஓ.வுக்கு 213 கெல்வின், பி.எம்.எம்.ஏ.வுக்கு 378 கெல்வின் என்று போட்டுப் பாருங்கள். பி.இ.ஓ. 70 பங்கு என்றால் 245 கெல்வின், அதாவது மைனஸ் 28 டிகிரி. பாதிக்குப் பாதி என்றால் பூஜ்ஜியத்துக்குப் பக்கம். பி.இ.ஓ. 30 பங்குதான் என்றால் சுமார் 34 டிகிரி.

கடைசி எண்ணைப் பாருங்கள். 40 டிகிரியில் படிகம் வளர்க்கப் பார்க்கிறீர்கள், கலவை 34 டிகிரியில் கண்ணாடியாக உறைகிறது. நடுவே ஆறு டிகிரிதான், சங்கிலிகள் மிக மிக மெதுவாகத்தான் நகரும். அந்தப் படலத்தை நாள் முழுக்க நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. பி.எம்.எம்.ஏ. கூடக் கூட வளர்ச்சி வேகம் சரிவதற்கு இது ஒரு காரணம். வளரும் படிகத்தின் முகப்பில் பி.இ.ஓ. குறைவாகக் கிடைப்பது இன்னொரு காரணம்.

சரி, கோலத்தைத் தீர்மானிப்பது எது? படிகத்தின் முகப்பு முன்னேறும்போது பி.இ.ஓ.வை உள்ளே இழுத்துக்கொள்கிறது, பி.எம்.எம்.ஏ.யை வெளியே தள்ளுகிறது. நெரிசலான ஒரு வாசலில் உள்ளே நுழைகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் முட்டிக்கொள்வார்களே, அதேதான் இங்கேயும். தள்ளப்பட்ட பி.எம்.எம்.ஏ. விலகிப் போவதற்குள் முகப்பு எவ்வளவு தூரம் முன்னேறுகிறது என்பதைப் பொறுத்து அந்த நெரிசலின் அகலம் அமைகிறது. கீத், பேடன் இருவரும் 1963-இல் இதை ஒரு எளிய விகிதமாக எழுதினார்கள்: விரவல் கெழுவை (மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாகப் பரவுகின்றன என்ற அளவை) வளர்ச்சி வேகத்தால் வகுத்தால் ஒரு நீளம் கிடைக்கும், கிளைகளின் தடிமன் அந்த நீளத்தை ஒட்டியே அமையும். உதாரணத்துக்கு விரவல் கெழுவை வினாடிக்கு 0.01 சதுர மைக்ரோமீட்டர் என்றும், வளர்ச்சி வேகத்தை வினாடிக்கு 0.1 மைக்ரோமீட்டர் என்றும் வைத்தால் 0.1 மைக்ரோமீட்டர் வருகிறது. அந்த அளவு ஒளி நுண்ணோக்கியில் தெரியாது, அடர்த்தியான ஸ்பெருலைட் (மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் வளர்ந்த உருண்டைப் படிகம்) போலத்தான் தோன்றும். வேகம் நூறில் ஒரு பங்காகக் குறைந்தால் நீளம் 10 மைக்ரோமீட்டர். இப்போது கிளைகள் கண்ணெதிரே பிரிந்து நிற்கும். அதே 1963-இல்தான் முல்லின்ஸும் செகெர்காவும் இப்படி வளரும் முகப்பு ஏன் சமமாக நிற்காமல் விரல் விரலாக நீள்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

அடித்தளம்

சிலிக்கான் வேஃபரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் இயற்கையாகவே ஒன்றிரண்டு நானோமீட்டர் ஆக்சைடு இருக்கும். ஒரு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, கரைப்பானில் கழுவி, நைட்ரஜனால் ஊதி, யு.வி.-ஓசோனில் கால் மணி நேரம் வைத்தால் போதும். பிரானா கரைசலில் (அடர் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தது) போட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால், புதியவர்கள் அதைத் தனியாகத் தொட வேண்டாம். கரிமக் கரைப்பான் கொஞ்சம் பட்டாலே வெடிக்கக்கூடிய கரைசல் அது. சுத்தம் செய்த வேஃபரை அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள், காற்றில் கிடந்தால் மேற்பரப்பு மாறிவிடும்.

அடித்தளம் வெறும் தாங்கி இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பி.எம்.எம்.ஏ.வுக்குச் சிலிக்கான் ஆக்சைடு பிடிக்கும், அதோடு ஒட்டிக்கொள்ளும். 1994-இல் கெடி, ஜோன்ஸ், கோரி மூவரும் பாலிஸ்டைரீன் படலம் மெல்லியதாகும்போது கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை இறங்குவதையும், சிலிக்கான் ஆக்சைடின் மேலிருக்கும் பி.எம்.எம்.ஏ.யில் அது ஏறுவதையும் அளந்து காட்டினார்கள். ஆக, உங்கள் கலவையில் 30 சதவீதம் பி.எம்.எம்.ஏ. என்று எழுதியிருந்தாலும் படலத்தின் அடியில் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். 100 நானோமீட்டர் படலத்தில் இது பெரிதாகத் தெரியாது. 20 நானோமீட்டருக்கு இறங்கினால் அதுவே முக்கியமாகிவிடும்.

கரைசல்

இரண்டையும் கரைக்கும் ஒரே கரைப்பான் வேண்டும். குளோரோஃபார்ம் கரைக்கும், அசிட்டோநைட்ரைலும் கரைக்கும். குளோரோஃபார்ம் 61 டிகிரியிலேயே கொதிப்பதால் படலமாக்கச் சுழற்றும்போது சட்டென்று ஆவியாகி, மேற்பரப்பைக் குளிர வைத்து, காற்றில் ஈரம் இருந்தால் நீர்த்துளிகளைப் படியவைத்துக் குழி குழியாக்கிவிடும். ஈரப்பதம் குறைவான அறையானால் குளோரோஃபார்ம், இல்லையென்றால் 82 டிகிரியில் கொதிக்கும் அசிட்டோநைட்ரைல்.

ஒவ்வொரு பாலிமரையும் தனித்தனிக் குப்பியில் எடைக்கு ஒரு சதவீதம் கரைத்துக்கொள்ளுங்கள். பி.இ.ஓ.வுக்கு நேரம் கொடுங்கள், ஒரு இரவு மெதுவாகக் கலக்கட்டும். வேகமாகக் கலக்கினால் நீளமான சங்கிலிகள் அறுபடும். பி.இ.ஓ. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் என்பதால் எடை போடுவதற்கு முன் அறை வெப்பநிலையில் வெற்றிடத்தில் வைத்து உலர்த்துவது நல்லது. அப்புறம் 0.45 மைக்ரான் டெஃப்லான் வடிகட்டியில் வடிகட்டி, வேண்டிய விகிதத்தில் கலந்துகொள்ளலாம். வடிகட்டுவதைத் தவிர்க்காதீர்கள், ஒவ்வொரு தூசியும் ஒரு படிகக் கரு. முதல் தொடருக்கு பி.எம்.எம்.ஏ. 0, 10, 20, 30, 40, 50 சதவீதம் போதும்.

குளோரோஃபார்ம் வேலை எல்லாம் ஃபியூம் ஹூட்டுக்குள்தான். சாதாரண நைட்ரைல் கையுறைக்குள் அது சீக்கிரமே ஊடுருவிவிடும், பட்டுவிட்டால் உடனே கழற்றி மாற்றுங்கள். கழிவைக் கொட்டும்போது அசிட்டோன் புட்டியில் குளோரோஃபார்மைச் சேர்க்காதீர்கள், காரம் ஏதாவது கலந்திருந்தால் ஆபத்தான வேகத்தில் வினைபுரியும்.

ஸ்பின் கோட்டிங்கும் தடிமனும்

வேஃபரின் மேல் கரைசலைச் சொட்டிச் சுழற்றுவதுதான் ஸ்பின் கோட்டிங்: நிமிடத்துக்கு 2000 சுற்று, 30 வினாடி. ஒரு சதவீதக் கரைசலுக்கு இதில் ஏறக்குறைய 100 நானோமீட்டர் வரலாம். மூலக்கூறு எடையும் கரைப்பானும் மாறினால் இதுவும் மாறும், ஆகவே அளந்து பார்த்துத்தான் நம்ப வேண்டும். தடிமன் சுழற்சி வேகத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் போகும். பாதித் தடிமன் வேண்டுமென்றால் வேகத்தை நான்கு மடங்காக்க வேண்டும் என்று அர்த்தம். அவ்வளவு தூரம் போவதைவிடக் கரைசலை நீர்க்கச் செய்வது எளிது.

தடிமனை ஒளியால் அளக்கும் எலிப்சோமீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கூரான பிளேடால் படலத்தில் ஒரு கீறல் போட்டு, கீறலின் படி உயரத்தை அணுவிசை நுண்ணோக்கியில் (நுண்ணிய ஊசியால் மேற்பரப்பைத் தடவிப் பார்க்கும் கருவி) அளக்கலாம். கண்ணாலேயே ஓரளவு சொல்லவும் முடியும்: சிலிக்கான் மேல் 50 நானோமீட்டர் படலம் வெளிர் பழுப்பாக, 100 அடர் ஊதாவாக, 120-ஐ ஒட்டி நல்ல நீலமாக, 150 வெளிர் நீலமாகத் தெரியும். ஒரே துண்டில் மூன்று நிறம் தெரிந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு சுழற்றுங்கள். அதில் எடுக்கும் எந்த அளவையும் பிறகு நம்ப முடியாது.

கரைப்பான் மிச்சம் இருக்கக் கூடாது. வெற்றிட அடுப்பில் இரவு முழுக்க, அறை வெப்பநிலையிலேயே வைக்கலாம்.

பழைய கதையை அழிப்பது

சுழற்றிய படலத்தில் பி.இ.ஓ. ஏற்கெனவே தாறுமாறாகப் படிகமாகியிருக்கும். அதை முழுக்க உருக்க வேண்டும். 85 அல்லது 90 டிகிரியில் ஐந்து முதல் பத்து நிமிடம், நைட்ரஜன் ஓட்டத்தில். பி.இ.ஓ. சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்தால் சங்கிலி அறுந்து போகும். விற்பனைக்கு வரும் பி.இ.ஓ.வில் பெரும்பாலும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சேர்த்திருப்பார்கள், அதற்காகக் காற்றில் சூடாக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

குறைந்த வெப்பநிலையில் உருக்கினால் கண்ணுக்குத் தெரியாத மிச்சங்கள் தங்கி, குளிர்வித்த உடனே அதே இடங்களில் படிகம் முளைக்கும். அதிக நேரம் வைத்தால் வேறு தொல்லை: படலம் ஓட்டை விட ஆரம்பிக்கும், வட்ட வட்டமாக ஓட்டைகள் விரிந்து கடைசியில் துளிகளாகச் சுருங்கிவிடும். படலம் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு சீக்கிரம் இது நடக்கும். ஒவ்வொரு தடிமனுக்கும் ஒரு துண்டைத் தியாகம் செய்து, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்ப்பது

உருக்கியதும் வேகமாக வளர்ப்பு வெப்பநிலைக்கு இறக்குங்கள். 40 முதல் 50 டிகிரிக்குள் ஏதாவது ஒன்றில் தொடங்கலாம். உருகுநிலைக்குப் பக்கத்தில் இருக்கும்போது ஒரு டிகிரி மாறினாலே வேகம் கணிசமாக மாறும், ஆகவே ஹாட் ஸ்டேஜ் திரையில் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஸ்டேஜின் உலோகத் தட்டு வேறு, வேஃபரின் மேற்பரப்பு வேறு. பென்சோஃபீனோன் 48 டிகிரியில் உருகும், ஸ்டியரிக் அமிலம் 69 டிகிரியில் உருகும். இவற்றின் ஒரு சிறு துணுக்கை அதே மாதிரி வேஃபர் மேல் வைத்து, எந்த எண்ணில் உருகுகிறது என்று பார்த்துத் திருத்தம் போட்டுக்கொண்டால் பிறகு கவலையில்லை.

இப்போது புதியவர்களைப் பொறுமை இழக்கச் செய்யும் கட்டம்: ஒன்றுமே முளைக்காது. பத்து மைக்ரான் தடிமனுள்ள படலத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் இருக்கும் பொருளில் நூறில் ஒரு பங்குதான் 100 நானோமீட்டர் படலத்தில் இருக்கிறது, கருவாக உதவும் அழுக்குகளும் அதே அளவுக்குக் குறைவு. 50 டிகிரியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருப்பதைவிட விதை போடுவது மேல். படலத்தை முதலில் அறை வெப்பநிலைக்குக் கொண்டுபோய்ப் படிகமாக்குங்கள், பிறகு மெதுவாக ஏற்றி, கிட்டத்தட்ட எல்லாம் உருகி மறையும் வெப்பநிலையைக் கண்டுபிடியுங்கள். அதற்கு ஒரு டிகிரி கீழே சில நிமிடம் வைத்துவிட்டு வளர்ப்பு வெப்பநிலைக்கு இறக்கினால், தப்பிப் பிழைத்த சில மிச்சங்களிலிருந்து ஒரே நேரத்தில் படிகங்கள் கிளம்பும். களிமண் துகளைக் கருவாகச் சேர்த்து, இதே கலவையில் சமச்சீரான டென்ட்ரைட்டுகள் (மரம்போலக் கிளைத்த படிகங்கள்) வளர்த்துக் காட்டிய ஆய்வுகள் 2002-இல் வந்தன. அழகான வழிதான், ஆனால் மூன்றாவது பொருள் ஒன்று உள்ளே வருகிறது என்பதால் முதல் தொடருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

என்ன தெரியும், எது தெரியாது

சிலிக்கான் ஒளியை விடாது, ஆகவே எதிரொளி முறையில் பார்க்க வேண்டும். குறுக்குப் போலரைசர்களுக்கு இடையே பார்த்துவிட்டு, இருட்டாக இருக்கிறது, படிகமே வரவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். கணக்கைப் பாருங்கள். இரட்டை ஒளிவிலகல் (இரு திசைகளின் ஒளிவிலகல் எண்களுக்கு இடையிலான வித்தியாசம்) 0.03 என்றே வைத்துக்கொண்டாலும் 100 நானோமீட்டர் படலத்தை ஒளி ஒருமுறை கடக்கும்போது வரும் ஒளிப்பாதை வித்தியாசம் 3 நானோமீட்டர், எதிரொளியில் போய்த் திரும்பினாலும் 6 நானோமீட்டர்தான். கண்ணுக்கு நன்றாகத் தெரிய அது போதாது. அதிலும் மென்படலத்தில் லமெல்லாக்கள் (மெல்லிய படிகத் தகடுகள்) பெரும்பாலும் அடித்தளத்தின் மேல் தட்டையாகப் படுத்துக்கொள்ளும், சங்கிலிகள் செங்குத்தாக நிற்கும், மேலிருந்து பார்க்கிற உங்களுக்கு இரட்டை ஒளிவிலகல் அநேகமாகப் பூஜ்ஜியம். தடித்த படலத்தில் கண்ணைப் பறிக்கும் அந்த மால்டீஸ் சிலுவையை (நான்கு கை கொண்ட இருண்ட சிலுவைக் கோலம்) இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

அதனால் போலரைசரை எடுத்துவிட்டுச் சாதாரண எதிரொளியில் பாருங்கள். படிகமான பி.இ.ஓ.வின் அடர்த்தி சுமார் 1.23, படிகமாகாதது 1.12. முகப்பு பொருளை இழுத்துக்கொள்வதால் படிகம் இருக்கும் இடத்தில் தடிமன் மாறி, நிறமும் மாறும். ஊதாப் பின்னணியில் வேறு நிறக் கிளைகள் நகர்வது தெரியும். வேறுபாடு போதவில்லை என்றால் கேமராவின் கான்ட்ராஸ்டைக் கூட்டலாம், வசதியிருந்தால் சிறு உயர வேறுபாட்டையும் எடுத்துக்காட்டும் டி.ஐ.சி. முறைக்கு மாறலாம்.

தோராயமாக என்ன வரும் என்றால்: பி.எம்.எம்.ஏ. இல்லாமலோ 20 சதவீதம் வரையிலோ நெருக்கமான, ஓரம் வட்டமான அல்லது சதுரமான படிகங்கள். 30-ஐத் தாண்டும்போது ஓரம் பிளந்து கிளை விடும். 30 முதல் 50 வரைதான் சுவாரஸ்யமான பகுதி. அங்கே இரண்டு குடும்பங்கள் உண்டு. கிளையின் நுனி கூர்மையாகவே இருந்து, பக்கக் கிளைகள் ஏறக்குறைய 90 டிகிரியில் புறப்பட்டால் டென்ட்ரைட். பி.இ.ஓ. படிகத்தின் உள்ளமைப்பு எந்தத் திசையில் வளர்வதை விரும்புகிறதோ அதுதான் இங்கே வெளியே தெரிகிறது. நுனி திரும்பத் திரும்ப இரண்டாகப் பிளந்து, திசையே இல்லாமல் பரவினால் அது கடற்பாசி வடிவம். மூலக்கூறு எடையும் தடிமனும் மாறினால் இந்த எல்லைகள் எல்லாம் இடம் மாறும், என் எண்களைச் சட்டமாக எடுக்க வேண்டாம்.

தடிமனை வெகுவாகக் குறைத்தால் கலவையே தேவையில்லாமல் கிளை வரும். ரைட்டரும் சோமரும் 1998-இல், சிலிக்கான் மேல் ஒட்டிய சில நானோமீட்டர் தடிமனுள்ள வெறும் பி.இ.ஓ. படலத்தில் விரல் விரலான வளர்ச்சியைக் காட்டினார்கள். பொருள் வந்து சேர்வதே அங்கே தட்டுப்பாடு. ஆகவே 20 நானோமீட்டர் படலத்தில் கிளையைப் பார்த்துவிட்டு, பி.எம்.எம்.ஏ. தள்ளப்படுவதால் வந்தது என்று எழுதிவிட முடியாது. முதலில் 100-இல் வேலை செய்யச் சொன்னது இதனால்தான்.

வேகத்தை அளப்பது

குறிப்பிட்ட இடைவெளியில் படங்கள் எடுத்து, மையத்திலிருந்து நுனி வரை உள்ள தூரத்தை நேரத்துக்கு எதிராகக் குறியுங்கள். இரண்டு படத்துக்கு நடுவே நுனி சில பிக்சலாவது நகர்ந்திருக்க வேண்டும், அதற்கேற்ப இடைவெளியை வையுங்கள். நேர்கோடு வந்தால் முகப்பில் நிலைமை மாறாமல் வளர்கிறது. வளைந்து நேரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றினால், தள்ளப்பட்ட பொருள் முகப்புக்கு முன்னால் சேர்ந்துகொண்டே போகிறது, விரவல்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. பக்கத்துப் படிகம் நெருங்கி வந்த பிறகு எடுத்த புள்ளிகளைச் சேர்க்காதீர்கள், இரண்டும் ஒரே பொருளுக்குப் போட்டி போடும்போது வேகம் தானாகவே குறையும். நுண்ணோக்கி விளக்கின் சூடும் படலத்தில் ஏறும் என்பதால், படம் எடுக்கும்போது மட்டும் ஷட்டரைத் திறப்பது நல்ல பழக்கம்.

அணுவிசை நுண்ணோக்கியில் ஒரு கண்ணி

நிறையப் பேர் தவறான முடிவுக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 50 டிகிரியில் படிகம் வளர்த்தீர்கள், படலத்தைக் கழற்றி அறை வெப்பநிலையில் டேப்பிங் முறையில் (ஊசி மேற்பரப்பைத் தட்டித் தட்டிப் போகும்) படம் எடுத்தீர்கள். தடித்த கிளைகள் தெரிகின்றன. கிளைகளுக்கு நடுவே, இன்னும் உற்றுப் பார்த்தால், நுண்ணிய இழைகள் நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. இரண்டு அளவிலான அமைப்பு ஒரே வளர்ச்சியில் உருவானது என்று எழுதத் தோன்றும்.

அப்படி இருக்க வேண்டியதில்லை. கிளைகளுக்கு நடுவே படிகமாகாத பி.இ.ஓ. மிச்சம் இருந்திருக்கும். பாதிக்குப் பாதி கலவையின் கண்ணாடி நிலைமாற்றம் பூஜ்ஜியத்துக்குப் பக்கம் என்று பார்த்தோம். அப்படியென்றால் அறை வெப்பநிலையில் அந்த மிச்சம் இன்னும் நகரக்கூடியது, மீக்குளிர்வும் (உருகுநிலைக்குக் கீழே இறங்கிய அளவு) கூடுதல். நீங்கள் படலத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்கு நடந்து போகும் நேரத்தில் அது படிகமாகி முடிந்திருக்கும். அந்த நுண்ணிய இழைகள் 50 டிகிரியின் விளைவே இல்லை, குளிர்ந்ததன் விளைவு. உறுதி செய்துகொள்ள, அதே படலத்தை மறுபடி மெல்லச் சூடாக்குங்கள். தாழ்ந்த வெப்பநிலையில் உருவான நுண்ணிழைகள் மெல்லியவை என்பதால் முதலில் உருகும், தடித்த கிளைகள் அப்படியே நிற்கும். சூடாக்கும் ஸ்டேஜ் உள்ள அணுவிசை நுண்ணோக்கி கிடைத்தால் வளர்ப்பு வெப்பநிலையிலேயே படம் எடுத்துவிடலாம், இந்தச் சந்தேகமே வராது.

உயரப் படத்தையும் ஃபேஸ் படத்தையும் சேர்த்தே பாருங்கள். உயரப் படத்தில் முகப்புக்கு வெளியே ஒரு பள்ளம் ஓடுவது தெரிந்தால், படிகம் சுற்றியிருந்த பொருளை இழுத்துக்கொண்டிருக்கிறது. ஃபேஸ் படம் எது கடினம், எது மென்மை என்று காட்டும், ஆனால் ஊசியைத் தட்டும் விசையை மாற்றினால் கருப்பும் வெள்ளையும் இடம் மாறிக்கொள்ளும். வெளுப்பாக இருப்பது எல்லாம் படிகம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியாது.

எடுத்த படலத்தை உலர்ந்த டெசிக்கேட்டரில் வையுங்கள். ஈரம் பட்ட பி.இ.ஓ. படலம் சில நாளில் உருமாறிவிடும்.

ஃப்ராக்டல் பரிமாணம் கணக்கிடலாமா?

ஒரு கோலம் இடத்தை எவ்வளவு நெருக்கமாக நிரப்புகிறது என்று சொல்லும் எண் இது. கணக்கிடலாம், மென்பொருள் ஒரு நொடியில் கொடுத்துவிடும். இரு பரிமாண விரவல்-சேர்க்கை வளர்ச்சிக்கு (துகள்கள் தாறுமாறாக அலைந்து வந்து ஒட்டிக்கொள்வது) 1.71 என்று ஒரு பிரபலமான எண் இருப்பதால், தன் படத்துக்கு 1.7 வந்துவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம். கிளையின் தடிமனுக்கும் படிகத்தின் முழு அளவுக்கும் நடுவே பத்து மடங்குகூட வித்தியாசம் இல்லாத படத்தில் அந்த எண்ணுக்குப் பெரிய மதிப்பில்லை. கிளைகளுக்கு இடையிலான சராசரித் தூரத்தை அளந்து, அது வளர்ச்சி வேகத்தோடு எப்படி மாறுகிறது என்று ஒரு வரைபடம் போடுங்கள். அது இதைவிட உபயோகமானது.

கடைசியாக ஒரு சோதனை: நடுவழியில் வெப்பநிலையை மாற்றுவது

வெவ்வேறு துண்டுகளை ஒப்பிடும்போது, தடிமன் கொஞ்சம் மாறியிருக்குமோ, விகிதம் தவறியிருக்குமோ என்ற சந்தேகம் கூடவே வரும். அதைத் தவிர்க்க, ஒரே படிகத்தை 50 டிகிரியில் வளரவிட்டு, ஓரளவு பெரிதானதும் சட்டென்று 42 டிகிரிக்கு இறக்குங்கள். பி.எம்.எம்.ஏ. 35 அல்லது 40 சதவீதம் இருக்கட்டும். வளர்ச்சி வேகம் கூடும், விரவல் கொஞ்சம் குறையும், இரண்டும் சேர்ந்து கீத்-பேடன் நீளத்தைச் சுருக்கும். நுனிகள் பல கிளைகளாக வெடித்து, உள்ளே அகலமான இடைவெளியும் வெளியே நெருக்கமான கிளைகளுமாக ஒரே படிகத்திலேயே இரண்டு பகுதிகள் வரும், நடுவில் நீங்கள் வெப்பநிலையை மாற்றிய நேரத்தைக் காட்டும் எல்லைக்கோட்டோடு. அடுத்த துண்டில் திருப்பிச் செய்யுங்கள், 42-இல் தொடங்கி 50-க்கு ஏற்றுங்கள். இரண்டு திசையிலும் எதிர்பார்த்தபடி மாறினால் விளக்கம் சரியான பாதையில் இருக்கிறது. ஒரு திசையில் மட்டும் மாறினால் எல்லையின் இருபுறமும் படலத் தடிமனை அளந்து பாருங்கள், முதல் கட்டத்திலேயே சுற்றுப்புறப் பொருள் தீர்ந்துபோயிருக்க வாய்ப்புண்டு. அப்படியானால் வெப்பநிலை மாற்றத்தை இன்னும் சீக்கிரமாக, படிகம் சின்னதாக இருக்கும்போதே செய்து பார்க்க வேண்டும்.